குடும்பப் பெயரும் தந்தை பெயரும்



"உமது குடும்பப் பெயர் யாது?" என்று பிறநாட்டார் ஒருவர் வினவினால், நம்மவர் சற்றுத் தயங்குவர். அத்தயக்கம் அறியாமையால் எழுவதன்று. அவர் கேட்கும் பொருள் நம்முட் பெரும்பாலாரிடம் இல்லை என்பதே காரணம்.

தலைமுறைதோறும் மாறாது தொடர்வது குடும்பப் பெயர். ஆங்கிலேயருள் 'ஸ்மித்' என்பவர் இன்று வங்கியிலே கடமையாற்றலாம். ஆயினும் அவர் முன்னோருள் ஒருவர் கொல்லுத் தொழில் புரிந்தவர் என்பதை அப்பெயர் உணர்த்தும். 1505 ஆம் ஆண்டில் இலங்கையை அடைந்த போர்த்துக்கேயரின் பெயர்கள், ஞானஸ்நானம் பெற்றோர் வாயிலாக இந்நாட்டில் வேரூன்றின. 'பெரேரா' பேரிமரத்தையும், 'சில்வா' காட்டையும், 'பொன்சேகா' வற்றிய ஊற்றையும் குறிப்பன.

நமது முறையோ வேறு. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் சங்கப் புலவரின் பெயரிலே ஊரும் தந்தையும் முன்னிற்க, தம் பெயர் இறுதியில் நிற்கிறது. இன்று நாம் பெயருக்கு முன் இடும் முதலெழுத்தும் தந்தையைச் சுட்டுவதே. ஆதலால் அது தலைமுறைக்குத் தலைமுறை மாறும்.

இவ்விரு முறைகளையும் ஈழத்துப் பெருங்குடும்பம் ஒன்றிலேயே காணலாம். அருணாசலத்தின் மைந்தர் பொன்னம்பல முதலியார். அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். இவர் மைந்தர் சேர் அருணாசலம் மகாதேவா. இங்கே முதலெழுத்து மாறினும், பாட்டனாரின் பெயர் பேரனிடத்து மீண்டும் தோன்றுகிறது. 'பேரன்' என்னும் சொல்லே பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்னும் பொருளுடைய 'பெயரன்' என்பதன் திரிபன்றோ!

சேர் அருணாசலத்தின் தாய்மாமனார் சேர் முத்து குமாரசுவாமி. இவர் பெயரின் பிற்பகுதி தந்தையாராகிய குமாரசுவாமி முதலியாரின் பெயர். ஆனால் இவர் மைந்தரும், கலையாராய்ச்சியால் உலகப்புகழ் பெற்றவருமாகிய ஆனந்த குமாரசுவாமியின் பெயரில் அதுவே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது.

அன்று ஒரு குடும்பத்தில் நிகழ்ந்தது, 1983 ஆம் ஆண்டின் பின்னர்ப் புலம்பெயர்ந்த பல்லாயிரம் குடும்பங்களில் நிகழ்ந்துள்ளது. குடும்பப் பெயர் கேட்கும் படிவத்திலே கணவர் தம் தந்தையின் பெயரை எழுதுகிறார். மனைவி கணவரின் பெயரை எழுதுகிறார், அல்லது தம் தந்தையின் பெயரையே எழுதுகிறார். கணவருக்கும் மனைவிக்கும் குடும்பப் பெயர் வேறாக, "நாங்கள் ஒரே குடும்பத்தவர்" என்று அலுவலர்முன் விளக்க நேர்கிறது. இத்தொல்லை நீங்கவே சிலர் ஒரு பெயரை நிலையாக்கி, அதனைப் பிள்ளைகளுக்கும் வழங்குகின்றனர்.

இதனைக் குறைகூறுதற்கில்லை. வாழும் நாட்டின் வழக்கோடு இசைவது அறிவுடைமையே. ஆயினும் அப்பெயருக்கு உரியவர் யார், எவ்வூரினர், எத்தொழிலினர் என்பதைப் பெற்றோர் சொல்லாவிடின் பிள்ளைகள் அறியார். சொல்லிவைத்தால், பாட்டனார் பெயர் பேரப்பிள்ளைகளின் ஏடுகளில் வெறும் எழுத்தாகாது, உறவாகவே நிலைக்கும்.