மிதிவண்டியின் நடு அச்சைக் காப்போம்

கிராம வாழ்க்கையில் மிதிவண்டிக்குள்ள இடம் யாவரும் அறிந்ததே. பால் கூட்டுறவுச் சங்கத்திற்குச் செல்வதும், உர மூட்டை வீடு வந்து சேர்வதும் இன்றும் பலருக்கு அதன் துணையால்தான். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் கிராமப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். மேல்நிலை மாணவ மாணவியர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்குவதும் இவ்வாகனத்தின் அருமையை உணர்ந்தேயாகும். ஆயினும், பெற்ற வண்டியைப் பேணும் முறையை நம்மில் பலர் அறிந்திருப்பதில்லை.

சென்ற ஆண்டு மழைக்காலத்திற்குப் பின் சுற்றுப்பயணம் சென்றபோது, ஒரு வீட்டுத் திண்ணையோரம் சாய்த்து வைத்திருந்த வண்டியொன்றைக் கண்டோம். அவ்வீட்டு மாணவி பதினைந்து நாள்களாக நடந்தே பள்ளி சென்று வந்தாள்; முதல் பாடவேளை நாள்தோறும் தவறியது. விசாரித்ததில், நடு அச்சு நான்கு மாதங்களாக ஆடிக்கொண்டிருந்ததாம். ஆட்டத்தோடே ஓட்டியதால் கப் தளர்ந்து, கூட்டின் உள்மரையையே தின்றுவிட்டது. தொடக்கத்தில் ஒரு பிடி குண்டும் சிறிது கிரீசும் போதுமாயிருந்த பழுது, சட்டத்தையே மாற்றும் அளவிற்கு முற்றிவிட்டது. நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடரியால் வெட்டும் நிலை இதுவன்றோ?

நடு அச்சு என நாம் குறிப்பது, கடைக்காரர்கள் பி.பி. அச்சு என்று அழைக்கும் பாகத்தையாகும். இரு கிராங்குகளையும் இணைக்கும் இவ்வச்சு, சட்டத்தின் அடிக்கூட்டில் இரண்டு கப்புகளுக்கிடையே குண்டுகளின் மேல் சுழல்கிறது. காட்டர் பின் பூட்டிய சாதாரண வண்டிகளுக்கே இங்குக் கூறும் முறை பொருந்தும். கியர் வண்டிகள் பலவற்றில் மூடிய பேரிங் இருப்பதால் அவற்றிற்குத் தனிக் கருவிகள் வேண்டும்.

பழுதை அறியும் முறை

மிதிக்கும்போது ‘கடக், கடக்’ என்று ஒலி எழுந்தால், அது நடு அச்சின் குறையே என்று முடிவு கட்டலாகாது. கிராங்கைப் பிடித்துச் சட்டத்தை நோக்கித் தள்ளியும் இழுத்தும் பார்க்க வேண்டும். இரு கிராங்குகளும் ஒன்றாக அசைந்தால் குறை நடு அச்சில் உள்ளது. ஒரு கிராங்கு மட்டும் அசைந்தால் காட்டர் பின் தேய்ந்துள்ளது. பெடல் மட்டும் ஆடினால் குறை பெடலில்தான்.

அடுத்து, செயினைப் பல்சக்கரத்திலிருந்து கழற்றிவிட்டுக் கிராங்கைக் கையால் சுழற்றுக. நல்ல அச்சு வழுக்கிக்கொண்டு சுழலும். தேய்ந்த அச்சு மணலில் உருள்வது போல் நெரிபடும். ஆட்டம் மட்டும் இருந்து நெரிபடாவிடில், இடப்புறக் கப்பைச் சிறிது இறுக்கினாலே போதும். ஆட்டம் மீண்டும் வருமாயின் பிரித்துப் பார்ப்பதே முறை.

கழற்றும் முறை

முதல் நாள் இரவே பின்களுக்கும் மரைகளுக்கும் சிறிது மண்ணெண்ணெய் விட்டு வைத்தல் நலம். காட்டர் பின்னின் நட்டை முழுதும் எடுக்காமல், பின்னின் நுனிக்குச் சமமாக வரும்வரை தளர்த்துக. இதனால் மரை சிதையாது. பின்னின் தலை நுழையும் அளவு துளையுள்ள இரும்புக் குழாயைத் தரையிலிருந்து கிராங்கிற்கு முட்டாக நிறுத்தியபின், சுத்தியலால் ஓங்கி ஓரிரு அடி கொடுக்க வேண்டும். முட்டின்றி அடித்தால் அடியின் வேகம் முழுதும் குண்டுகளின் மேல் பாய்ந்து கப்பில் பள்ளம் விழும்.

இரு கிராங்குகளையும் எடுத்தபின், கீழே துணி விரித்துக்கொண்டு இடப்புற லாக் ரிங்கையும் கப்பையும் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழற்றிக் கழற்றுக. பெரும்பாலும் பக்கத்திற்கு 11 வீதம், கால் அங்குலக் குண்டுகள் இருக்கும்.

வலப்புறக் கப்பில்தான் மிக்க கவனம் தேவை. நம் வண்டிகளில் அதன் மரை மறுபுறமானது. வலப்பக்கத்தில் நின்று பார்க்கையில் கடிகார முள் செல்லும் திசையில் சுழற்றினால்தான் அது கழலும். மிதிக்கும்போது குண்டுகள் உருள்வதால் கப் எதிர்த்திசையில் மெல்ல நகர முயலும். அந்நகர்வு கப்பைத் தளர்த்தாமல் இறுக்கவேண்டும் என்பதற்கே இவ்வமைப்பு. இதை அறியாது வலிந்து திருகி மரையை அழித்தோர் பலர். கப் நன்னிலையில் இருந்தால் அதைத் தொடாமல் விடுவதே மேல்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, குண்டு ஓடும் தடத்தைக் கூர்ந்து நோக்குக. பளபளப்பான கோடு இருப்பின் குறையில்லை. அம்மைத் தழும்பு போன்ற குழிகள் தென்பட்டால் அப்பாகத்தை மாற்றுக. குண்டுகளை எந்நிலையிலும் புதிதாகவே இடுக. அச்சுகள் பல நீளங்களில் வருவதால் பழையதைக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குதல் அவசியம்.

பூட்டும் முறை

கப்புகளில் கிரீசை நிறையத் தடவி அதில் குண்டுகளைப் பதிக்க வேண்டும். இடமிருப்பது போல் தோன்றினும் 12-ஆவது குண்டைத் திணிக்கலாகாது. அச்சின் ஒரு முனை நீண்டிருப்பின் அது பல்சக்கரமுள்ள வலப்பக்கம் வரவேண்டும். இடப்புறக் கப்பை ஆட்டம் நீங்கும்வரை திருகி, இம்மியளவு பின்வாங்கி, கப் நகராதபடி பிடித்துக்கொண்டு லாக் ரிங்கை இறுக்குக. அச்சு ஆடவும் கூடாது, இறுகவும் கூடாது.

காட்டர் பின்கள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நுழைய வேண்டும். இன்றேல் கிராங்குகள் ஒரே நேர்கோட்டில் அமையா. முன்போலவே முட்டுக் கொடுத்துப் பின்னை அடித்து இறக்கியபின் நட்டை இறுக்குக. ஒரு வாரம் ஓட்டியபின் நட்டுகளை மறுமுறை இறுக்குதல் மறவற்க.

நடு அச்சின் பெரும்பகை நீரும் மணலுமாகும். வாய்க்காலில் வண்டியை இறக்குவதும், ஏரியில் அமிழ்த்திக் கழுவுவதும் கிரீசைக் கரைத்து மணலை உள்ளே புகுத்தும். ஆண்டுக்கொருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், பிரித்துக் கழுவிப் புதுக் கிரீசு இட்டால் அச்சு நெடுநாள் உழைக்கும்.

இதற்கு வேண்டிய ஸ்பானர்கள், சுத்தியல், முட்டுக் குழாய் ஆகியவற்றை ஒவ்வொரு குடும்பமும் வாங்குவது இயலாது. ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் முன்னின்று, ஊருக்கு ஒரு பொதுக் கருவிப்பெட்டி அமைத்து, குறிப்பேட்டில் பதிந்து இரவல் வழங்கலாம். ஆண் பெண் இருபாலாரிலும் ஆர்வமுள்ள சிலருக்கு, ஊரிலுள்ள அனுபவமிக்க பழுதுபார்ப்பவரைக் கொண்டே ஒரு விடுமுறை நாளில் இவ்வேலையைக் கற்பிக்கலாம். சிறிய அச்சுக் குறைக்காக ஒரு மாணவியின் படிப்பு தடைப்படும் நிலை எவ்வூரிலும் ஏற்படாதிருக்க இந்த ஏற்பாடு உதவும் என்பது நமது நம்பிக்கை.