லாயத்தில் ஒரு தீக்குச்சி

வடநாட்டுக் குளிர்காலம் நம்மவர்க்குப் பழகுவதற்குச் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆயினும் அக்காலம் தரும் இன்பங்களுள் ஒன்று வந்தவுடனேயே பிடித்துப்போய்விடுகிறது. இளவெயிலில் உட்கார்ந்து கடலை கொறித்தபடி குதிரையேற்றப் போட்டிகளைப் பார்ப்பதுதான் அது. 1982ஆம் ஆண்டு டில்லியில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுகளில் நம் நாட்டு வீரர்கள் குதிரையேற்றத்தில் தங்கப் பதக்கங்கள் பெற்றதை இன்னும் கண் விரியச் சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. பிறகு 41 ஆண்டுகள் காத்திருந்து, 2023இல் சீனத்து ஹாங்சௌ நகரில், ‘டிரஸாஜ்’ எனப்படும் நடைநயப் போட்டியில் நம் அணி மறுபடியும் தங்கம் வென்றது. அதன்பின் நம் வீட்டுப் பிள்ளைகள் சிலரும் குதிரைப் பயிற்சிக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். பிள்ளை போனால் பெற்றோரும் போக வேண்டும். பெற்றோர் போனால் ஊரிலிருந்து வந்த உறவினரும் உடன் போவது வழக்கம்.

போட்டி முடிந்தவுடன் நாம் வீடு திரும்பினால் தொல்லையில்லை. ‘குதிரையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்’ என்று குழந்தைகள் அடம்பிடிக்கவே, திடலின் பின்புறத்தில் இருக்கும் லாயத்துக்குள் நுழைகிறோம். அங்கே நாம் நடந்துகொள்ளும் முறையைப் பற்றியதே இக்கட்டுரை.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய ஒரு காட்சிக்கு என் மைத்துனரையும் அழைத்துச் சென்றிருந்தேன். எந்தத் திடல், எந்தக் காட்சி என்பது இங்கே வேண்டாம். ஒரு பழுப்புநிறக் குதிரையின் கொட்டடிமேல் சாய்ந்தபடி, அதன் அழகை வியந்துகொண்டே, அவர் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். தீக்குச்சியை உதறி அணைத்துக் கீழே போட்டார். அணைந்ததா என்று அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. நான் புகைப்பவன் அல்லன். ஆனால் தடுக்கவும் இல்லை. மூலையில் உட்கார்ந்திருந்த முதிய குதிரைக்காரர் ஒருவர் (வடக்கே அவர்களை ‘ஸாயீஸ்’ என்பார்கள்) எழுந்து வந்தார். குனிந்து அந்தக் குச்சியை எடுத்து, நுனியை விரல்களால் நசுக்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கைகூப்பி, “பாபுஜி, இரவில் நான் இங்கேதான் படுக்கிறேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. என் மைத்துனர் சிகரெட்டை அணைக்க இடம் தேடி வெளியே போக நேர்ந்தது. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

அன்றுதான் அந்த இடத்தைக் கண் திறந்து பார்த்தேன். காட்சிகளுக்காகப் போடப்படும் லாயம் நிலையான கட்டடம் அன்று. மூங்கிலும் பலகையும் நட்டு, மேலே கித்தானோ ஷாமியானாத் துணியோ விரித்து, குதிரை ஒன்றுக்குச் சுமார் பத்தடிக்குப் பத்தடி என்று தடுத்திருப்பார்கள். தரையில் வைக்கோலோ மரத்தூளோ மெத்தைபோல் பரப்பியிருக்கும். ஒவ்வொரு கொட்டடியிலும் ஒரு வலைப்பை நிறைய உலர்ந்த புல். வரிசையின் கோடியில் புற்கட்டுகளின் குவியல். நடைபாதையில் போர்வைகள், சேணங்கள், குளம்புக்குத் தடவும் எண்ணெய், குதிரைக்காரர்களின் கயிற்றுக் கட்டில்கள். சுருங்கச் சொன்னால், அது நடுவில் உயிர்கள் கட்டப்பட்டிருக்கும் ஒரு வைக்கோற்போர். வைக்கோற்போரின்மேல் ஏறி நின்று யாரேனும் பீடி பிடிப்பார்களா? லாயத்திலே பிடிக்கிறோம், குதிரை கண்ணில் படுகிறது, வைக்கோல் படுவதில்லை.

உதிர்ந்து கிடக்கும் காய்ந்த வைக்கோலில் தீப்பற்றினால், ஒரு கொட்டடி முழுவதும் எரியச் சில நிமிஷங்களே போதும். தீக்கு முன்னே புகை வந்துவிடுகிறது. குதிரையால் மனிதரைப்போல் வாயினால் மூச்சுவிட இயலாது. மூக்கு ஒன்றே அதற்கு வழி. ஆகவே, வெந்து மடிவதற்கு முன்பே அது புகையினால் சாய்ந்துவிடுகிறது.

இதனினும் வருத்தமான செய்தி ஒன்று உண்டு. தீயைக் கண்டு மிரளும் குதிரை, கதவு திறந்திருந்தாலும் வெளியே வரத் தயங்குகிறது. தின்பதும் உறங்குவதும் அந்தக் கொட்டடியில்தான். அச்சம் வந்தால் ஒடுங்குவதற்கு அது அறிந்த இடமும் அதுவே. இழுத்து வெளியே விட்டாலும், பிடித்துக்கொள்ள ஆளில்லையேல் எரியும் இடத்துக்கே திரும்பி ஓடிவிடக்கூடும். 2017 டிசம்பரில் கலிபோர்னியாவில் ஸான் லூயி ரே டவுன்ஸ் என்ற பந்தயக் குதிரைப் பயிற்சி நிலையத்தில் காட்டுத்தீ புகுந்தது. ஊழியர்கள் கொட்டடிகளைத் திறந்துவிட்டு நூற்றுக்கணக்கான குதிரைகளைக் காப்பாற்றினர். ஆயினும் 46 குதிரைகள் மாண்டன. தப்பி வெளியே வந்தபின் மறுபடி உள்ளே ஓடியவையும் அவற்றுள் இருந்தன. அதற்கு முன், 1986 ஜனவரியில் நியூயார்க்கின் பெல்மான்ட் பந்தயத் திடலில் ஒரே லாயத்தில் 45 குதிரைகள் மடிந்தன. பணத்துக்கோ, கருவிகளுக்கோ, ஆட்களுக்கோ குறைவில்லாத இடங்கள் இவை. நம் கித்தான் கூடாரங்களின் நிலையை நினைத்துப் பார்க்கலாம்.

பீடியும் சிகரெட்டும் பழைய பகைவர்கள். நம் பிள்ளைகள் படிக்கும் ‘பிளாக் பியூட்டி’ என்னும் ஆங்கிலக் கதை 1877இல் வெளிவந்தது. அதிலேயே, புல் பரணுக்குப் புகைக்குழாயுடன் போனவனால் லாயம் எரிகிறது என்று ஆன் ஸெவெல் அம்மையார் எழுதியிருக்கிறார். குதிரையின் கண்ணைத் துணியால் கட்டி, இதமாகப் பேசி வெளியே நடத்திவரும் முறையும் அக்கதையில் வருகிறது. பழகிய கைகளுக்கு இன்றும் அம்முறை உதவுகிறது.

புதிய பகை மின்சாரம். குளிர்காலத்தில், குதிரைக்குத் தவிட்டுக் கஞ்சி காய்ச்சுவதற்கு வாளித் தண்ணீரில் மின்சாரத் தண்டைப் போட்டுச் சூடாக்குகிறார்கள். வாளியை எடுத்த பின்னும் தண்டு ஓடிக்கொண்டிருந்தால், அது கிடக்கும் இடத்தில் வைக்கோல் இருக்கும். வெயில் ஏறும் மாதங்களில் விசிறி. அதற்கு, இடையிடையே நாடா சுற்றி ஒட்டுப்போட்ட கம்பி. அந்தக் கம்பியைக் குதிரை கடிக்கவும் செய்யும், எலி கடிக்கவும் செய்யும். 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவில் டப்வாலி என்னும் ஊரில் பள்ளி விழாப் பந்தல் ஒன்று மின்கசிவினால் பற்றி, நானூறு பேருக்கு மேல் இறந்தனர், பெரும்பாலோர் குழந்தைகள். செயற்கை இழைத் துணி உருகித் தலைமேல் சொட்டியதை அந்நாளையப் பத்திரிகைகளில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே வகைத் துணிதான் பல இடங்களில் லாயத்துக்கும் கூரையாகிறது.

மனிதர் எவரும் தீ வைக்காமலே பற்றும் தீயும் ஒன்று இருக்கிறது. சரியாகக் காயாத புல்லைக் கட்டி அடுக்கிவிட்டால், உள்ளே இருக்கும் ஈரத்தில் நுண்ணுயிர்கள் பெருகிச் சூட்டை உண்டாக்குகின்றன. ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் இருந்தால் இந்த அபாயம் உண்டு. கட்டின் நடுவில் 55 டிகிரி சென்டிகிரேட் ஏறிவிட்டால் கவனமாகப் பார்த்துவர வேண்டும். 80 ஆனால் தீயணைப்புப் படையை அழைத்துவிட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் நீண்ட இரும்புக் கம்பியைக் குவியலுக்குள் செருகிச் சிறிது நேரம் கழித்து உருவித் தொட்டுப் பார்க்கிறார்கள். கை பொறுக்காவிட்டால், தாமே குவியலைப் பிரிக்க முனையலாகாது. காற்றுப் பட்டவுடன் அது குபீரென்று பற்றும். புற்குவியலைக் குதிரைகளிடமிருந்து தள்ளி வைப்பதே நல்லது. ஆனால் சுமக்கிறவர்களுக்குத் தொலைவு கடினம் என்பதால் இது எங்கும் நடப்பதில்லை.

இவற்றில் நமக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். சிகரெட்டைச் சொல்லிவிட்டேன். மற்றொன்று நம் கார். திடலில் நிழல் எங்கே என்று தேடி, லாயத்தை ஒட்டிக் காய்ந்த புல்தரையில் நிறுத்துகிறோம். ஓடி வந்த வண்டியின் அடிக்குழாய் புல்லைப் பற்றவைக்கப் போதிய சூட்டில் இருக்கும். அதைவிடக் கேடு, தீயணைப்பு வண்டி வரவேண்டிய ஒரே பாதையை நாம் அடைத்துக்கொள்வது. பிள்ளைகளை உள்ளே ஓடவிடுவது, பலூன் வெடிப்பது, குதிரையின் தலைக்கயிற்றை விளையாட்டாக எடுத்து வேறிடத்தில் போடுவது ஆகியவையும் அற்பமல்ல. கொட்டடிக் கதவில் அக்கயிறு மாட்டியிருப்பது அழகுக்காக அன்று. இருட்டில், புகையில், கை நீட்டியவுடன் கிடைக்க வேண்டும் என்பதற்காக. திருமண ஊர்வலத்துக்கு வரும் வெள்ளைக் குதிரையின் காதருகே வாணம் கொளுத்துவோரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

தீ நேர்ந்தால் முதலில் கூவி எல்லோரையும் எழுப்ப வேண்டும். உடனே 101 அல்லது 112 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகே தண்ணீர். தூள் தெளிக்கும் அணைப்பான் சுடரை அடக்கும். ஆனால் வைக்கோலின் அடியில் கனல் தங்கி மீண்டும் எழும். ஆதலால் தண்ணீர் கட்டாயம் வேண்டும். குதிரைகளைப் பழகியவர்களே வெளிக்கொணர வேண்டும்; ஒன்றை வெளியேற்றியவுடன் அதன் கொட்டடிக் கதவைச் சாத்திவிட வேண்டும். குதிரை பழகாத நாம் செய்யக்கூடியது, பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டு, பெரிய வாயிலில் நின்று தீயணைப்பு வண்டிக்கு வழி காட்டுவது.

அந்த முதியவரை மறுநாளும் போய்ப் பார்த்தேன். குளிரில் கொட்டடி ஓரத்தில் ‘அங்கீட்டி’ என்னும் கணப்புச்சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. தீக்குச்சியைப் பையில் போட்டுக்கொண்டவர், இரவில் அதையே பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கிறார்! தீ ஒருபுறம் இருக்க, மூடிய இடத்தில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும். கேட்டேன். “ஒரு கம்பளிதான், பாபுஜி. எலும்பில் குளிர் ஏறுகிறது” என்றார். குதிரைமேல் இரண்டு போர்த்தியிருந்தன.

பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் எங்களில் ஆறு குடும்பத்தார் அந்த வாரமே பணம் சேர்த்தோம். ஆளுக்கு இரண்டாகக் கனமான கம்பளிகளும், தரை ஈரம் ஏறாமல் இருக்க ரப்பர் விரிப்புகளும் வாங்கிக் கொடுத்தோம். கணப்புச்சட்டி வெளியே, தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் இடம் மாறியது. தேநீர் குடிக்க இப்போது எல்லோரும் அங்கேதான் கூடுகிறார்கள். என் மைத்துனரும் ஊரிலிருந்து வந்தால் சிகரெட்டை அங்கேதான் பற்றவைக்கிறார்.