பூனைக்குத் தீனி மாற்றும்போது

வழக்கமாக வாங்கும் பாக்கெட் கடையில் தீர்ந்துபோயிருந்தது. "இது அதைவிட நல்லா இருக்கும், எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க" என்று கடைக்காரர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அன்று இரவு எங்கள் பூனை அந்தப் புதுத் தீனியைக் கிண்ணம் காலியாகும்வரை தின்றது. விடிந்து பார்த்தால் மண் பெட்டி வரைக்கும்கூடப் போக முடியாமல் கூடத்திலேயே தண்ணீராகக் கழிந்திருந்தது. பின்னங்கால் ரோமம் நனைந்து ஒட்டிக்கிடக்க, பீரோவுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. பாக்கெட்டில் ஒரு குறையும் இல்லை. ஒரே வேளையில் மாற்றியதுதான் தவறு.

வயிறு ஏன் கலங்குகிறது?

நாம் காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவில் சப்பாத்தி என்று மாற்றி மாற்றிச் சாப்பிட்டுப் பழகியவர்கள். வீட்டுப் பூனை அப்படியல்ல. மாதக்கணக்கில் ஒரே தீனியைத் தின்கிறது. அதன் குடலில் உள்ள நுண்ணுயிர்களும் அந்த ஒரு தீனிக்கே பழகிவிடுகின்றன. ஒரு பாக்கெட்டில் கோழியும் அரிசியும் இருக்கும், இன்னொன்றில் மீனும் மக்காச்சோளமும் இருக்கும். கொழுப்பு, நார்ச்சத்து அளவும் வேறு. திடீரென்று மாறினால் சரியாகச் செரிக்காத தீனி பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. வாயு, வாந்தி, கழிச்சல் எல்லாம் அதன் விளைவு.

ஒரு வாரக் கணக்கு

முதல் இரண்டு நாள் பழையது முக்கால் பங்கு, புதியது கால் பங்கு. அடுத்த இரண்டு நாள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த இரண்டு நாள் புதியது முக்கால். ஏழாம் நாள் முழுதும் புதியது. வயதான பூனைக்கும், ஏற்கெனவே அடிக்கடி வயிறு கெடும் பூனைக்கும் இதையே 10 முதல் 14 நாளாக நீட்டுங்கள்.

நாள்காட்டியைவிட மண் பெட்டி சொல்வதைக் கேட்பது முக்கியம். மலம் உருண்டையாக, மண்ணை உதறினால் உடையாமல் இருந்தால் அடுத்த படிக்குப் போகலாம். களிபோல் குழைந்தால் முந்தைய அளவுக்கே திரும்பி, கெட்டிப்பட்ட பிறகு தொடருங்கள். அதனால் பழைய தீனி கால் கிலோவாவது மிச்சமிருக்கும்போதே புதிய பாக்கெட்டை வாங்கிவிடுவது நல்லது. அடியில் தூள் மட்டும் மிஞ்சிய பிறகு கடைக்கு ஓடினால் கலப்பதற்கு எதுவும் இருக்காது.

அளவையும் கவனியுங்கள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் 4 கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 கிராம் டிரை ஃபுட் போதும். தீனிக்குத் தீனி கலோரி வேறுபடும். பழைய கரண்டிக் கணக்கு புதியதற்குப் பொருந்தாமல் போகலாம். பாக்கெட்டின் பின்புறம் உள்ள அட்டவணையைப் பார்த்துச் சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள்.

சில பூனைகள் கலந்து வைத்தால் பழைய உருண்டைகளை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போய்விடும். கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்தால் வாசனை எழும்பும். பூனை நாக்கைவிட மூக்கை நம்பும் பிராணி. நனைத்ததை நம் ஊர் வெக்கையில் அரை மணி நேரத்துக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றுவது பலருக்குப் பழக்கம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை. கழிச்சலைக் கூப்பிட்டு வைத்துக்கொள்வது போல ஆகிவிடும்.

"பசிச்சா தானே தின்னும்"

பூனை வளர்ப்போரிடம் நான் அடிக்கடி கேட்கும் இந்தப் பேச்சுதான் எனக்கு மிகவும் பயம் தருவது. புதுத் தீனியைத் தொடாத பூனையைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்று நினைக்கிறார்கள். பூனையின் உடல் அதைத் தாங்காது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்பிலுள்ள கொழுப்பு ஈரலில் வந்து சேர ஆரம்பித்துவிடலாம். செயலிழக்கும் ஈரல் உயிரையே குடிக்கும். கொழுகொழுவென்று இருக்கும் பூனைக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். காது மடலின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகத் தெரிந்தால் நோய் முற்றுகிறது என்று பொருள்.

ஒரு வேளை முகர்ந்துவிட்டுப் போனால் அடுத்த வேளை பழையதையே கொடுங்கள். எதைக் கொடுத்தும் ஒரு நாள் முழுக்க வாய் வைக்கவில்லையென்றால் மருத்துவரிடம் போக வேண்டும். குட்டி என்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

பாக்கெட்டைப் பிரித்த பிறகு

பெரிய மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் சில்லறைத் தீனி மலிவுதான். ஆனால் அந்த மூட்டையை எப்போது பிரித்தார்கள், காலாவதி தேதி என்ன என்று நமக்குத் தெரியாது. உருண்டைகளின் மேல் பூசிய கொழுப்பு காற்றுபட்டால் சிக்கு வாடை அடிக்கும். பாக்கெட்டை அப்படியே மடித்துக் கிளிப் போட்டு, இறுக்கமான டப்பாவுக்குள் வைத்தால் வாசனையும் நிற்கும், தேதியும் கண்ணில் படும்.

எப்போது மருத்துவர்?

ஓரிரு முறை மலம் இளகி, பூனை சுறுசுறுப்பாகவே இருந்தால் மாற்றத்தை நிறுத்திப் பழையதற்குத் திரும்பினாலே பெரும்பாலும் சரியாகும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ, ரத்தம் கலந்தாலோ, மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து படுத்தாலோ தாமதிக்கக் கூடாது. டிரை ஃபுட்டில் ஈரம் பத்தில் ஒரு பங்குதான். அதோடு கழிச்சலும் சேர்ந்தால் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். தோளுக்கு மேலுள்ள தோலை இழுத்து விடுங்கள். சட்டென்று படியாமல் கூடாரம்போல் நின்றால் நீர் வற்றியிருக்கிறது.

வீட்டிலுள்ள மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். பாராசிட்டமால் ஒன்றே ஒன்று போதும், பூனையைக் கொன்றுவிடும். பூண்டும் வெங்காயமும் அதன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வயிற்றுக்கு நல்லதென்று ரசம் சாதம் வைக்காதீர்கள்.

கடுவன் பூனை மண் பெட்டியில் முக்கி முக்கி உட்கார்ந்தால் அது வயிற்றுக் கோளாறு என்றே முடிவு கட்டிவிடாதீர்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கலாம், அது ராத்திரியானாலும் ஓட வேண்டிய அவசரம்.

போகும்போது பழைய பாக்கெட், புதிய பாக்கெட் இரண்டின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மலத்தையும் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். தீனி மாறிய அதே வாரத்தில் குடற்புழுவும் தொல்லை கொடுத்துக்கொண்டிருக்கலாம். அதைப் பரிசோதனைதான் சொல்லும்.