அரியர் விழுந்தால் படிப்பு முடிந்துவிட்டதா?



பிளஸ் டூ வரை தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில்தான் முதன்முறையாக ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் பிள்ளைகள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். முதல் செமஸ்டரிலேயே இரண்டு மூன்று அரியர் விழுந்துவிடுகிறது. வீட்டில் சொல்லப் பயம். திருப்பூர் பனியன் கம்பெனியிலோ பக்கத்து மில்லிலோ வேலை கிடைக்கிறது. சம்பளமும் கைக்கு வருகிறது. படிப்பு அத்தோடு நின்றுபோகிறது.

இவர்களுக்குத் தேவையானவை மூன்று: செலவுக்குப் பணம், விட்ட பாடத்தைப் பிடிக்க உதவி, வேலைக்கேற்ற பயிற்சி.

பல்கலைக்கழக மானியக் குழு, 12-வது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2012-17) இதற்கென்று கல்லூரிகளுக்கு நிதி வழங்கியது. பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் ஆகிய மாணவர்களுக்கு, பின்தங்கிய பாடங்களில் தனி வகுப்பும், நெட் தேர்வுக்கும் அரசுப் பணித் தேர்வுகளுக்கும் பயிற்சியும் ஒரே திட்டத்தில் இணைந்திருந்தன. தோல்வியையும் இடைநிற்றலையும் குறைப்பதே தனி வகுப்பின் நோக்கம். கிறிஸ்தவ மாணவர்களும் சிறுபான்மையினர் என்ற முறையில் இதில் அடங்கினர்.

தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கி, கல்லூரிப் படிப்போடு திறன் பயிற்சியைச் சேர்த்தது. 2022 செப்டம்பர் 5-ல், அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்து உயர்கல்வியில் சேர்ந்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' திட்டம் வந்தது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ல் நம் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் தொடங்கப்பட்டது. இதில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் மாணவியருக்கும் இது விரிவாக்கப்பட்டது. நமது மறைமாவட்டப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பம் படிக்கும் கல்லூரி வழியாகவே செல்லும். பணம் மாணவரின் வங்கிக் கணக்கிற்கே வரும்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஆயிரம் ரூபாய் பஸ் செலவுக்கு உதவும். புரியாத கணக்குப் பதிவியல் பாடத்தைப் புரியவைக்காது. திறன் பயிற்சிக்கும் அடிப்படைப் பாடம் தெரிந்திருக்க வேண்டும். பணமும் பயிற்சியும் இருந்தும், இடையிலுள்ள அந்தப் படியில்தான் பிள்ளைகள் வழுக்கி விழுகிறார்கள்.

அந்தப் படியில் கைகொடுக்க நம்மால் முடியும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். பட்டம் முடித்த அண்ணன்களும் அக்காக்களும் இருக்கிறார்கள். மாலையில் பூட்டிக் கிடக்கும் பங்கு மண்டபத்தில், வாரம் இரண்டு மாலைகள் விளக்கு எரிந்தால் போதும்.

சிந்திப்போம்: நம் அன்பியத்தில் முதலாண்டு கல்லூரியில் படிக்கும் பிள்ளை யார்? "அரியர் இருக்கிறதா?" என்று திட்டாமல் கேட்க, இந்த ஞாயிறு நம்மில் யார் அந்த வீட்டுக்குப் போகப் போகிறோம்?