மூன்று கைகள்

எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் நிற்கிறார். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை. இடப்பக்கம் உமைக்கு ஒன்று. மொத்தம் மூன்றுதான். ஓவிய மாணவர்களை அங்கே அழைத்துப்போகும் என்னிடம், முதல் பார்வையிலேயே அதைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. உமையின் பக்கம் இடுப்பு அப்படி வளைந்து வெளியே வருகிறது. கை ஒன்று குறைவது கண்ணை உறுத்துவதே இல்லை. சமநிலை என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல பலகை எனக்குத் தெரியாது.

1850-ல் அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்று பெரியமேட்டில் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரி. அந்தக் காலத்துக் கலைப் பள்ளிகளில் படிப்பென்றால் நகலெடுப்பு. ஐரோப்பியச் சிலைகளின் சுண்ணாம்பு வார்ப்பை முன்னே வைத்து, நிழல் விழும் இடத்தை நாள்கணக்கில் தேய்ப்பார்கள். கை பழகியது. ஆனால் பக்கத்திலேயே இருந்த சோழர் செப்புச் சிலைகளைப் பார்க்கும் கண் அதில் வளரவில்லை.

பிறகு அந்தப் பள்ளியின் முதல்வராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி காலத்தில் உயிருள்ள மனித உடல் பாடமானது. அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர் 1957-ல் முதல்வரானார். ஜாதகக் கட்டமும் எழுத்தும் குறியும் ஓவியமாகலாம் என்று தன் படங்களிலேயே காட்டியவர் அவர். அவரைச் சூழ்ந்த தலைமுறை நம் கோட்டின் பக்கம் திரும்பியது. 1966-ல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம் பிறந்தது.

இன்று பையில் செல்போன். அமராவதிச் சிற்பங்களில் ஒரு பகுதி எழும்பூரில், ஒரு பகுதி லண்டனில். பிரிந்து கிடக்கும் அந்தக் கற்களை ஒரு மாணவி உள்ளங்கையில் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறாள். எங்கள் ஆசிரியர்களுக்குக்கூடக் கிட்டாத வசதி இது, மனதார மகிழ்கிறேன். வகுப்பும் மாறியிருக்கிறது. முன்பு ஆசிரியர் சொல்வார், நாங்கள் கேட்போம். இப்போது "என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டு நான் காத்திருக்கிறேன்.

போனில் இல்லாதது அளவு. விரல் உயரச் சிலையும் ஆள் உயரச் சிலையும் ஒரே திரையில் ஒன்றாகிவிடுகின்றன. போட்டோவில் கட்டம் போட்டுப் பெரிதாக்கினால் படம் பிசகாமல் வரும். சிலையின் முதுகு வராது. அதனால் என் வகுப்பில் முதல் இருபது நிமிடம் பென்சிலும் போனும் பையிலேயே இருக்கும். சுற்றி வந்து பார்க்க வேண்டும். பிறகு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைய வேண்டும்.

போன முறை ஒரு பையன் நான்கு கை வரைந்திருந்தான். தவறென்று சொல்லவில்லை, மறுபடி உள்ளே போய்ப் பார்த்துவரச் சொன்னேன். ஓடி வந்தான்: "சார், இந்தப் பக்கம் ஒரு கைதான் சார்!" நான்காவதை அழித்தவன், யாரும் சொல்லாமலே உமையின் இடுப்பை இன்னும் கொஞ்சம் வளைத்தான்.