அருவி பக்கத்திலே வீடு... குழாய் எப்போ வரும்?

தென்காசியில் பஸ் ஏறினால் குற்றாலம் 5 கிலோ மீட்டர்தான். டிக்கெட்டை வாங்கிச் சட்டைப் பையில் போடுவதற்குள் பாதி தூரம் போய்விடும்.

ஆனால் அந்த 5 கிலோ மீட்டருக்குள் பஸ் மூன்று "ராஜ்யங்களை"த் தாண்டுகிறது!

முதலில் தென்காசி நகராட்சி. அப்புறம் மேலகரம் பேரூராட்சி. அதற்கும் அப்புறம் குற்றாலம் பேரூராட்சி. கொஞ்சம் ஒதுங்கினால் இலஞ்சி பேரூராட்சி. பழைய குற்றாலம் பக்கம் திரும்பினால் ஆயிரப்பேரி ஊராட்சி.

எங்கே எது முடிந்து எது தொடங்குகிறது என்று கண்டக்டருக்குக் கூடத் தெரியாது. குடிநீர்க் குழாய்க்கு மட்டும் நன்றாகத் தெரியும். எல்லைக்கோடு வந்தால் அது "டக்"கென்று நின்றுவிடும்.

வயல் போச்சு, வீடு வந்தாச்சு

2011 கணக்குப்படி தென்காசி நகராட்சியின் ஜனத்தொகை 70 ஆயிரத்து 545. அதே 2011-ல் மத்தளம்பாறையில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று வந்தது. 2019 நவம்பர் 22-ந் தேதி திருநெல்வேலியில் இருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் வந்தார். ஆபீஸ்கள் வந்தன. ஆபீஸ் வந்தால் குமாஸ்தா வருவார். குமாஸ்தாவுக்கு வீடு வேண்டும்.

ஊருக்குள்ளே மனை விலை கேட்டால் தலை சுற்றும். ஆகவே ஆட்கள் வெளியே போகிறார்கள். சாரல் அடிக்கும் ஊர், மலை தெரியும் மனை என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? மூணு சென்ட், நாலு சென்ட் என்று வாங்கிப் போடுகிறார்கள். நகையை அடகு வைத்து வாங்குகிறவரும் உண்டு, பி.எப். பணத்தை எடுத்து வாங்குகிறவரும் உண்டு.

வாங்கும்போது பார்ப்பது பட்டா, வில்லங்கம், வாஸ்து. கேட்க மறப்பது ஒரே ஒரு கேள்வி.

"தண்ணி எங்கேயிருந்து வரும்? கழிவுத் தண்ணி எங்கே போகும்?"

ஒரு தெரு, இரண்டு கணக்கு

இந்தக் கேள்விக்குப் பதில், மனை எந்த "ராஜ்ய"த்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கிராமத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். இது 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. நகரங்களுக்கு 1999-ம் ஆண்டு மத்திய அரசு கையேடு வேறு கணக்குச் சொன்னது. குழாய் இருந்து பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு 70 லிட்டர். சாக்கடையும் இருந்தால், அல்லது போடப் போவதாக இருந்தால், 135 லிட்டர். பெருநகரத்துக்கு 150.

ஐந்து பேர் உள்ள குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். எல்லைக்கு அந்தப் பக்கம் 275 லிட்டர். இந்தப் பக்கம், சாக்கடை உள்ள நகரம் என்றால், 675 லிட்டர். தெருவுக்கு நடுவே கோடு போனால் எதிர்வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் 400 லிட்டர் வித்தியாசம்! இதெல்லாம் காகிதத்தில் உள்ள கணக்கு. குழாயைத் திறந்தால் எவ்வளவு வரும் என்பது அந்தந்த வீட்டுக் குடத்துக்குத்தான் தெரியும்.

"பக்கத்துத் தெருவரை குழாய் வந்திருக்கு. நம்ம தெருவுக்கு நாலு பைப்பைக் கூடப் போட்டால் என்ன?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குழாயை நீட்டலாம், தண்ணீரை நீட்ட முடியாது. ஒரு குடிநீர்த் திட்டம் போடும்போது 30 வருஷம் கழித்து ஜனத்தொகை எவ்வளவு இருக்கும் என்று மதிப்புப் போட்டுத்தான் குழாயின் பருமனை முடிவு செய்கிறார்கள். மோட்டாருக்கு 15 வருஷக் கணக்கு. அந்த மதிப்பில் உங்கள் லே-அவுட் வயலாக இருந்திருக்கும்! வயலுக்கு யார் குடிநீர் ஒதுக்குவார்கள்? அளவுக்கு மேல் நீட்டினால் மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தண்ணீர், கடைசித் தெருக்காரருக்குக் காற்று. கடைசித் தெருக்காரர் மோட்டார் வைத்து உறிஞ்சுவார். அப்புறம் குழாயடிச் சண்டை.

36 அடி மனையில் 59 அடி இடைவெளியா?

தண்ணீராவது லாரியில் வரும். கழிவுநீர்தான் பெரிய வில்லங்கம்.

வீட்டுக்குள் வரும் தண்ணீரில் நூற்றுக்கு 80 பங்கு கழிவாக வெளியே போகிறது என்பது என்ஜினீயர்கள் வைத்திருக்கும் கணக்கு. 675 லிட்டர் வந்தால் 540 லிட்டர் தினமும் எங்கேயாவது போயாக வேண்டும். பாதாளச் சாக்கடை இல்லையா? செப்டிக் டேங்க், அதற்குப் பக்கத்தில் உறைகுழி. தண்ணீர் போதவில்லையா? அதே மனையில் ஒரு போர்.

இங்கேதான் வம்பு.

குடிநீர்க் கிணற்றுக்கும் உறைகுழிக்கும் நடுவே 18 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்திய தர நிர்ணய விதி. அதாவது 59 அடி. மூணு சென்ட் மனை என்பது 1,307 சதுர அடி. சதுரமாக இருந்தால் 36 அடிக்கு 36 அடி. ஒரு மூலையில் கிணறும் எதிர்மூலையில் உறைகுழியும் தோண்டினாலும் நடுவே 51 அடிதான் வரும்! நம் மனைக்குள்ளேயே விதி உடைந்துபோகிறது. பக்கத்து மனைக்காரரின் குழி நம் சுவரை ஒட்டி இருப்பதை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

டேங்க்கை இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். லாரி வந்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. அது எங்கே கொட்டுகிறது என்று கேட்பவர் குறைவு. இதற்கென்றே தமிழ்நாட்டில் 2014-ல் விதிமுறை வந்தது. மாநிலத்தின் முதல் கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-ல் கருங்குழியில் தொடங்கியது. டேங்க்குக்குள் மனிதனை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இறங்கி உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்ச ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அதற்கு முன் 10 லட்சமாக இருந்தது.

சோப்புக்குத் தடை!

2014-ல் ஐகோர்ட்டு மதுரைக் கிளை, குற்றாலம் அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்கத் தடை போட்டது. நல்ல காரியம். ஆனால் அருவிக்கரையில் ஒரு துண்டு சோப்பைப் பிடிக்க முடிகிறது. கொல்லைப்புறத்துக் குழியிலிருந்து மண்ணுக்குள் இறங்குவதை யார் பிடிப்பது?

2022-ல் இன்னொரு வழக்கு. அருவித் தண்ணீரின் பாதையைத் திருப்பித் தனியார் விடுதிகளில் செயற்கை அருவி அமைத்துவிட்டார்கள் என்று புகார். அதன் மேலும் மதுரைக் கிளை நடவடிக்கைக்கு உத்தரவிட்டது. குளிக்கிற தண்ணீருக்கே கோர்ட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது!

குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசியைத் தொட்டுக்கொண்டு ஓடி, 17 அணைக்கட்டுகளைத் தாண்டி, சீவலப்பேரி பக்கம் தாமிரபரணியில் கலக்கிறது. மேலே கலந்தது கீழே போகாமல் இருக்காது. தாமிரபரணியில் கழிவுநீர் கலக்கும் இடங்களை 2024 நவம்பரில் ஐகோர்ட்டு நீதிபதிகளே நெல்லைக்கு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

சேர்ந்தால் வருமா?

"பக்கத்து ஊராட்சிகளை நகராட்சியோடு சேர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு கட்சி. "சேர்த்தால் வரிதான் வரும், குழாய் வராது" என்று எதிர்க்கட்சி. டீக்கடையில் இந்த விவாதம் முடிவதே இல்லை.

2025 தொடக்கத்தில் தமிழ்நாடு முழுவதும் இந்தப் பேச்சு சூடு பிடித்தது. 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்ப்பதாக அரசு அறிவித்தது. நகராட்சிகளோடும் பல ஊராட்சிகளைச் சேர்ப்பதாகச் சொன்னது. பல ஊர்களில் பெண்கள் கலெக்டர் ஆபீசுக்கே திரண்டு வந்து மனு கொடுத்தார்கள். அன்று நடப்பில் இருந்த 100 நாள் வேலை கிராமத்துக்குத்தான், நகரத்துக்குக் கிடையாது. ஊர் நகரமானால் வேலை போகும், வீட்டு வரி ஏறும். மனை வாங்கி வந்த குமாஸ்தாவுக்குக் குழாய் வேண்டும். அதே ஊரில் பிறந்து வளர்ந்த கூலிக்காரம்மாவுக்கு வேலை வேண்டும். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான்.

சென்னையைப் பாருங்கள். 2011 அக்டோபரில் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தார்கள். 174 சதுர கிலோ மீட்டராக இருந்த மாநகராட்சி ஒரே நாளில் 426 ஆனது. வார்டு எண்ணிக்கை 155-ல் இருந்து 200 ஆனது. ஆனால் பத்து வருஷம் கழித்தும் சேர்ந்த பகுதிகள் பலவற்றில் பாதாளச் சாக்கடைக்குத் தெருவைத் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். பெயர்ப் பலகையை ஒரு நாளில் மாற்றலாம். குழாயைத் தோண்டித்தான் போட வேண்டும்.

குடிநீர் வடிகால் வாரியம் 1971-ல் வந்தது. பெயரிலே குடிநீரும் உண்டு, வடிகாலும் உண்டு. ஆனால் எந்த ஊரிலும் குடிநீர் முந்திக்கொண்டு ஓடுகிறது, வடிகால் பின்னாலே நடந்து வருகிறது. தண்ணீரை மோட்டார் வைத்து மேட்டுக்கும் ஏற்றலாம். சாக்கடை சரிவு பார்த்துத்தான் ஓடும். ஓட்டத்துக்கு வேகம் வேண்டும், வேகத்துக்கு அளவு வேண்டும். நூறு மனையில் இருபது வீடு மட்டும் கட்டியிருந்தால் குழாயில் ஓட்டம் இருக்காது. கழிவு தங்கி அடைத்துக்கொள்ளும்.

ஆலந்தூரில் 5 ஆயிரம் ரூபாய்

இதைச் சமாளித்த ஊரும் உண்டு. சென்னையை ஒட்டிய ஆலந்தூர், 2011-ல் மாநகராட்சியோடு சேருவதற்கு முன்பே, தனி நகராட்சியாக இருந்தபோதே பாதாளச் சாக்கடை போட்டுக்கொண்டது. அப்போது நகராட்சித் தலைவர் ஆர்.எஸ்.பாரதி. வீட்டுக்கு 5 ஆயிரம் ரூபாய் முன்பணம் கேட்டார்கள். மாதம் 150 ரூபாய் கட்டணம் என்றார்கள். குழி வெட்டுவதற்கு முன்னால் பணமா என்று முணுமுணுப்பு எழாமல் இல்லை. ஆனாலும் தெருத் தெருவாகப் போய்ப் பேசினார்கள், கூட்டம் போட்டார்கள். ஜனங்கள் கட்டினார்கள். 2000-ல் வேலை தொடங்கி 2003-ல் இணைப்புக் கொடுத்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கு இடம் பெருங்குடியில்.

பணம் கட்டியவர் இணைப்பை வாங்காமல் விடுவாரா? அதனால் குழாயில் ஓட்டமும் இருந்தது.

குற்றாலம் சாலையில் அப்படிச் செய்வதென்றால் முதல் கேள்வி யார் பணம் வசூலிப்பது என்பதுதான். சரிவு ஒரே பக்கம் இருக்கிறது, உள்ளாட்சியோ நாலைந்து இருக்கிறது. மேலகரத்துக் கழிவு தென்காசியைத் தாண்டித்தான் இறங்க வேண்டும் என்றால், சுத்திகரிப்பு நிலையம் யார் எல்லையில்? கரண்ட் பில் யார் தலையில்? அவரவர் ஊருக்கு ஒரு நிலையம் என்றால் செலவு தாங்காது. எல்லோருக்கும் சேர்த்து ஒன்று என்றால் அந்த நிலத்தைக் கொடுக்க எந்த ஊரும் சம்மதிக்காது.

பத்திரம் சரி, பைப் எங்கே?

அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று 2016 செப்டம்பரில் சென்னை ஐகோர்ட்டு தடை போட்டது நினைவிருக்கலாம். மறுவருஷம் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-ந் தேதிக்கு முன் விற்ற மனைகளுக்குக் கட்டணம் கட்டி அங்கீகாரம் வாங்கிக்கொள்ளலாம் என்றது. பலர் கட்டினார்கள். காகிதம் சரியாகிவிட்டது. பைப் வருவது வேறு சங்கதி.

லே-அவுட் போட்டவர் சாலையை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஊரில் அடுத்த லே-அவுட்டுக்குப் போய்விடுவார். அந்தச் சாலைக்குக் குழாய், விளக்கு, வடிகால் எல்லாம் அன்று முதல் உள்ளாட்சியின் பாடு. ஆகவே மனை பார்க்கப் போகிறவர் புரோக்கரைக் கேட்டு நிற்காமல், நேரே ஊராட்சி அல்லது பேரூராட்சி ஆபீசுக்குப் போய், கடைசிக் குழாய் எந்தத் தெருவில் நிற்கிறது, தொட்டியில் உபரித் தண்ணீர் உண்டா என்று விசாரிப்பது நல்லது. மனையைப் பங்குனி, சித்திரையில் ஒரு தரம், சீசனில் ஒரு தரம் பார்ப்பது இன்னும் நல்லது.

பங்குனியில் பேரருவியில் பாறை தெரியும், போரில் தண்ணீர் கீழே போயிருக்கும். ஆனி பிறந்து சாரல் விழுந்தால் கதை தலைகீழ். நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும், மண் ஊறிவிடும். உறைகுழி அதற்குமேல் தண்ணீர் குடிக்காது. பேரருவியில் ஆனந்தமாகக் குளித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கொல்லையில் குழி நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்.