தீர்ப்பு எழுதும் சிறு குழாய்

சியோல் ஒலிம்பிக், 1988. நூறு மீட்டர் தூரத்தை 9.79 விநாடியில் கடந்து உலகையே வாய் பிளக்க வைத்தார் கனடாவின் பென் ஜான்சன். மூன்றே நாளில் தங்கப் பதக்கம் பறிபோனது. காரணம், சிறுநீரில் சிக்கிய ஸ்டானோஸலால் என்ற ஸ்டீராய்டின் தடயம்.

இத்தகைய செய்திகளில் பெயர் வாங்குவது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற விலை உயர்ந்த கருவிதான். ஆனால் மாதிரி அதற்குள் போகுமுன்பே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

பிரச்சினை இதுதான். சிறுநீரில் யூரியா, உப்பு, நிறமிகள் என ஏராளமான சரக்கு. தேடப்படும் பொருளோ ஒரு மில்லி லிட்டரில் சில நானோகிராம் மட்டுமே. ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. சந்தைக் கூச்சலில் ரகசியப் பேச்சைக் கேட்பது போன்ற வேலை. முதலில் கூச்சலை அடக்க வேண்டும்.

அதற்கான வழிகளில் ஒன்றுதான் 'திடநிலைப் பிரித்தெடுத்தல்'. ஊசி போடும் சிரிஞ்ச் போன்ற சிறு பிளாஸ்டிக் குழாய்; அதற்குள் 18 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலிகள் பிணைக்கப்பட்ட சிலிக்கா துகள்கள். எண்ணெய்த் தன்மையுள்ள இந்தச் சங்கிலிகளில் ஸ்டீராய்டுகள் ஒட்டிக்கொள்ளும். யூரியாவும் உப்பும் தண்ணீரோடு ஓடிவிடும்.

வேலை நான்கு கட்டங்களில் நடக்கிறது. மெத்தனாலும் பிறகு தண்ணீரும் ஊற்றித் துகள்களைத் தயார்ப்படுத்துவது, மாதிரியைச் செலுத்துவது, அழுக்கைக் கழுவுவது, கடைசியில் மெத்தனாலை ஊற்றி, ஒட்டிய பொருளை இறக்குவது. அந்த மெத்தனாலை ஆவியாக்கினால், சில மில்லி லிட்டர் சிறுநீரில் கரைந்திருந்த தடயம் ஒரு துளிக்குள் அடங்கிவிடும்.

கேட்க எளிது. ஆனால் மாதிரியை ஊற்றுமுன் துகள்கள் உலர்ந்துவிட்டால் மருந்து சரியாக ஒட்டாது. கழுவும் திரவத்தில் மெத்தனால் கூடிவிட்டால் அழுக்கோடு மருந்தும் போய்விடும். குற்றவாளி தப்பலாம். பக்கத்து மாதிரியின் ஒரு துளி கலந்தாலோ நிரபராதி மாட்டலாம்.

எனவேதான் ஒவ்வொரு மாதிரியிலும் அளவு தெரிந்த வேறொரு பொருளை முன்கூட்டியே கலக்கிறார்கள். அது குறைந்தால், வழியில் இழப்பு நேர்ந்தது புரிந்துவிடும். மருந்தே இல்லாத சிறுநீரும், மருந்து கலந்த சிறுநீரும் கூடவே சோதிக்கப்படுகின்றன. வீரரின் மாதிரி 'ஏ', 'பி' என இரண்டு பாட்டில்களில் முத்திரையிடப்படுகிறது. 'ஏ' பாட்டில் முடிவை ஏற்காத வீரர், தன் முன்னிலையிலேயே 'பி' பாட்டிலைத் திறக்கச் சொல்லலாம்.

இந்தியாவுக்கும் இதில் பாடம் உண்டு. டில்லியிலுள்ள தேசிய ஊக்கமருந்து சோதனை ஆய்வகம் 2008-ல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் அங்கீகாரம் பெற்றது. சர்வதேசத் தரத்துக்கு ஒவ்வாத குறைகள் இருந்ததாக 2019 ஆகஸ்டில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. 2021 டிசம்பரில்தான் திரும்பக் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் இந்திய வீரர்களின் மாதிரிகள் வெளிநாட்டுக்குப் பறந்தன.

கருவியைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். தினமும் நூற்றுக்கணக்கான குழாய்களில் அதே கவனத்தோடு திரவம் ஊற்றும் கைகளைப் பழக்கித்தான் உருவாக்க வேண்டும். வருடக்கணக்கில் மைதானத்தில் வியர்வை சிந்திய ஒருவரின் மானம் அந்தக் கைகளில்தான் இருக்கிறது.